எனக்கு நடுவர் பதவி வேண்டாம்

ஜூன் 9, ஞாயிறு

நேற்று நான் தோற்கவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். கமால் பாயின் ஸ்பீக்கர்தான் தோற்றது.

மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை பாலக்கரையில் பாய் கடை மாடியில் கூடுகிறோம். திருச்சியில் பழைய இங்கிலாந்து ராக் கேட்கிற கிறுக்குகள் மொத்தமே ஏழெட்டுப் பேர், அத்தனை பேரும் அங்கே வந்துவிடுவோம். பாய் ஒரு காலத்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர். ஊரே அவரிடம் சினிமாப் பாட்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, தாவணியைச் செருகிக்கொண்டு போய் "டீப் பர்ப்பிள் இருக்கா?" என்று கேட்டவள் நான். மனுஷன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டார். என் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த பரிசும் லெட் செப்பலின் கேசட்தான். என் மாமியார் அதை ஒரு தடவை கேட்டுவிட்டு, "என்னடி, கிரைண்டர் ரிப்பேரா?" என்றார். கடைசி வரைக்கும் அந்தச் சங்கீதத்துக்கு அவர் வைத்த பேர் 'இரைச்சல்'.

கூட்டத்தில் முக்கியமான சங்கதி 'யாரு ட்ரம்மர்?' விளையாட்டு. பாடுகிற குரல் வராத இடமாகப் பார்த்து பாய் பாட்டில் ஒரு துண்டு போடுவார். ட்ரம்ஸை மட்டும் வைத்து ஆளைச் சொல்ல வேண்டும். அதில் இந்த அமலோற்பவ மேரியை யாரும் அசைத்ததில்லை. நேற்று முதல் துண்டைக் கேட்டதுமே "சார்லி வாட்ஸ்" என்றேன். ரோலிங் ஸ்டோன்ஸ் வாட்ஸுக்கு ஒரு பழக்கம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தட்டு வைத்த ஹை-ஹாட்டை எல்லா ட்ரம்மரும் 'ச்-ச்-ச்' என்று விடாமல் தட்டிக்கொண்டே இருப்பார்கள். வாட்ஸ் மட்டும் முன்னால் இருக்கிற ஸ்னேர் ட்ரம்மை அடிக்கிற நொடியில் அந்தக் கையைத் தூக்கிவிடுவார். அந்த இடத்தில் ஹை-ஹாட் விழாது. நேற்றும் விழவில்லை. அதனால்தான் வாட்ஸ் என்றேன்.

பார்த்தால் டீப் பர்ப்பிளின் இயன் பெய்ஸாம். ஹை-ஹாட்டைப் பட்டு மாதிரி நெய்கிற ஆள்! அவரையா எனக்குத் தெரியாது?

"என்ன மேடம், உங்க சொந்த ஊரு டீப் பர்ப்பிளையே மறந்துட்டீங்க?" என்று தண்டபாணி சிரித்தார். ஓய்வு பெற்ற பிசிக்ஸ் பேராசிரியர், குரல் தவில் மாதிரி. "ஸ்பீக்கர்ல மேல் சத்தம் செத்துப்போச்சு, பாய். மாத்துங்க" என்றேன். பாய் ஸ்பீக்கரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். சரிம்மா என்றார்.

மதியம் பருப்பு தீய்ந்துவிட்டது. குக்கர் விசில் கெட்டுப்போயிருக்கிறது. புதிது வாங்க வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

வீட்டு ரெக்கார்டு ப்ளேயருக்குப் புது ஊசி மாட்டினேன். அதே மந்தம். ட்ரம்ஸ் மேல் யாரோ ஈரத்துணி போட்டுவிட்ட மாதிரி இருக்கிறது. ஒயர் மாற்றினேன். ஸ்பீக்கரைச் சுவரை விட்டு நகர்த்தினேன். வெள்ளி மாதிரி மின்ன வேண்டிய தட்டுச் சத்தம் எங்கே போய்த் தொலைந்தது?

பாய்க்கு போன் போட்டு, இப்போது வருகிற ஊசியெல்லாம் ஏமாற்று வேலை என்று திட்டினேன். அவர் என்னமோ சொன்னார். போனும் சரியில்லை.

ஜூன் 21, வெள்ளி

என் வீட்டுக்காரர் இன்னாசி முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். ரயில்வேயில் டிக்கெட் கொடுத்த காலத்தில் கணீரென்று பேசிய மனுஷன். வயசானால் ஆண்களுக்குக் குரல் உள்ளே போய்விடும் போல.

ஜூலை 14, ஞாயிறு

வெற்றி! நேற்று பாய் மாடியில் எல்லாரையும் கவிழ்த்தேன். பாய் போட்ட முதல் துண்டு வாட்ஸ். அடுத்ததும் வாட்ஸ். நடுவில் ஒன்றை மட்டும் நான் வாயைத் திறப்பதற்குள் தண்டபாணி சொல்லிவிட்டார். அதற்கடுத்து மறுபடியும் வாட்ஸ். "என்ன பாய், ஸ்டோன்ஸை மொத்தமா குத்தகைக்கு எடுத்திருக்கீங்களா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பாய் மட்டும் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் ஸ்பீக்கரையும் மாற்றவில்லை. ஆனாலும் ஜெயித்தேன். திறமை திறமைதான்.

ஜூலை 28, ஞாயிறு

பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மைக் செட்டுக்காரனை மாற்ற வேண்டும்.

கேஸ்காரர் வாசலில் பெல்லை அழுத்து அழுத்து என்று அழுத்திவிட்டுப் போய்விட்டாராம். இன்னாசி வந்து சொன்னார். நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகள் ரோஸ்லின் போன். "ம்மா, எத்தனை தடவை சொல்றது? காதை டெஸ்ட் பண்ணு. அந்தக் காட்டுக் கத்தலைக் கேட்டுக் கேட்டுத்தான் இப்படி ஆச்சு!"

அதை மட்டும் கத்திச் சொன்னாள், நன்றாகக் கேட்டது. "என் காதுக்கு ஒண்ணுமில்ல. உங்க அப்பாதான் வாய்க்குள்ளயே பேசுறாரு" என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இன்னாசி டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார். தமிழ்ப் படத்துக்குக் கீழே எழுத்து ஓடுகிறது. எத்தனை நாளாக அதைப் போட்டு வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதிவிட வேண்டும்.

நேற்றும் வாட்ஸ், வாட்ஸ், வாட்ஸ். நான் சொல்லச் சொல்ல பாய், "கரெக்ட்டும்மா, கரெக்ட்டும்மா" என்கிறார். டீ எடுக்க மூலைக்குப் போனேன். எனக்கு முதுகுக்குப் பின்னால் தண்டபாணி தன் கணக்கில் ரகசியம் பேசினார். அந்தத் தவில் குரலுக்கு ரகசியம் ஏது? மற்ற எல்லார் பேச்சும் எனக்குக் காற்றாகப் போனாலும் அவர் பேசுவது மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்கிறது. "ஏன் பாய், அவங்களுக்காக இன்னும் எத்தனை மாசம் வாட்ஸையே போடுவீங்க? எது போட்டாலும் வாட்ஸ்னுதானே சொல்றாங்க, பாவம்."

பாவம்!

டீயை வைத்துவிட்டுத் திரும்பினேன். பாய் முகம் செத்துவிட்டது. "பாய், எனக்கு நீங்க பிச்சை போட்டீங்களா?" என்று கேட்டேன். என் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அறையில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

படியில் பாய் ஏதோ கூப்பிட்டாரோ என்னவோ. எனக்குக் கேட்கவில்லை. ஆமாம், கேட்கவில்லை. எழுதிவிட்டேன், போதுமா?

ஆகஸ்ட் 12, திங்கள்

பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தில்லை நகரில் காது பரிசோதனை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். முதலில் பாம்... பாம்... என்று அடி வயிற்றிலிருந்து வந்தது. அழுத்தினேன், அழுத்தினேன். அப்புறம் ஒன்றுமே வரவில்லை. மெஷினை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு வெளியே பார்த்தால் அந்தப் பெண் இன்னும் சத்தத்தை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அவள் பேர் எழில். ஆடியாலஜிஸ்ட். ரோஸ்லினைவிடச் சின்னவள். தாளில் ஒரு கோடு காட்டினாள். கொஞ்ச தூரம் சமமாகப் போய், அப்புறம் கிணற்றுக்குள் இறங்குகிறது. "கீழ் சத்தம் நல்லா கேக்குது ஆன்ட்டி. மேல் சத்தம்தான் போயிருக்கு. எங்க வேலை பார்த்தீங்க?"

துவாக்குடியில் பாய்லர் குழாய் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் என்றேன். சுற்றிலும் கிரைண்டிங், சுத்தியல், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும். காதுக்குப் பஞ்சு கொடுத்திருப்பார்களே என்றாள். கொடுத்தார்கள். குழாயில் பொத்தல் இருந்தால் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும், பஞ்சை வைத்துக்கொண்டு எப்படித் தட்டுவது? நானேதான் தூக்கிப் போட்டேன்.

"பாட்டும் கொஞ்சம் காரணமா இருக்கலாம். ஆனா இந்தக் கோடு பெரும்பாலும் மெஷின் போட்ட கோடு" என்றாள். அதை அப்படியே ரோஸ்லினுக்கு அனுப்பச் சொல்லி இன்னாசியிடம் சொன்னேன். ஆட்டோவில் ஏறியதும் மனுஷன் என் பக்கம் முகத்தைத் திருப்பி, நன்றாக வாயைத் திறந்து, "காதுக்கு மெஷின் வாங்கிடலாம், அமலு" என்றார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

காதில் மெஷின் மாட்டியாகிவிட்டது, இரண்டு காதிலும். மாதாவே, உலகத்தில் இவ்வளவு சத்தமா! ஃபேன் கிறீச்சிடுகிறது. என் செருப்பு பேசுகிறது. இன்னாசி முறுக்கு தின்றால் வீடு இடிக்கிற மாதிரி இருக்கிறது. "வாயை மூடிக்கிட்டு மெல்லுங்க" என்றேன். இத்தனை வருஷமாக இப்படித்தான் மெல்லுகிறாராம்.

குக்கர் விசில் நன்றாகத்தான் இருக்கிறது. புதிது வாங்கியது தண்டம்.

சரி, இனி என்ன தடை என்று டீப் பர்ப்பிளைப் போட்டேன். ஆர்கன் வந்தது. வந்து ஒரு சுரத்தில் நின்றதும் தண்ணீருக்குள் விழுந்த மாதிரி 'வளவளவள' என்று நடுங்கியது. கிடார் ஏறி உச்சியில் போய் நிற்கிறது, நின்றதும் காணோம்! மெல்ல மெல்ல யாரோ அமுக்கிவிட்டார்கள். அடுத்த தெருவில் நாய் குரைத்தது தெளிவாகக் கேட்டது. கிடார் கேட்கவில்லை. பிங்க் ஃப்ளாய்டைப் போட்டேன், அதே கதி. எந்த இடத்தில் கிடார் அழ வேண்டுமோ சரியாக அந்த இடத்தில் வாயைப் பொத்துகிறது.

இத்தனையும் பண்ணி, காதுக்குள் என் மாமியாரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 6, வெள்ளி

எழிலிடம் போய்க் கத்தினேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். மெஷினுக்குத் தெரிந்ததெல்லாம் மனுஷப் பேச்சுதானாம். விட்டு விட்டு வந்தால் பேச்சு, விடாமல் ஒரே நீளமாக வந்தால் இரைச்சல், இல்லாவிட்டால் மெஷினே போடுகிற விசில் என்று நினைத்துக்கொள்ளும். உடனே அமுக்கிவிடும். கிடார் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்தால் அது இரைச்சல் கணக்கில் போய்விடுகிறது.

"பேச்சு நல்லா கேக்குதுல்ல ஆன்ட்டி? உங்க வயசுக்கு அது போதாதா?"

"போதாது" என்றேன்.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "பாப்பா, பேச்சுல எனக்கு என்ன இருக்கு? பால்காரர் பேசுறாரு, சொந்தக்காரங்க பேசுறாங்க, என் மக அட்வைஸ் பண்றா. அதெல்லாம் கேக்கலைன்னா எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. நான் வேலைக்குப் போயிட்டு வந்து, சோறாக்கி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, இதெல்லாம் முடிச்சிட்டு எனக்குன்னு வச்சுக்கிட்டது இது ஒண்ணுதான். அதைப் புடுங்கிட்டு, பேச்சு கேக்குதான்னு கேக்குறியே!"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சனியன், அழுதால் பேச்சு கெட்டுவிடுகிறது. எழில் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். "பாட்டுக்குத் தனியா ஒரு செட்டிங் போடலாம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. கேட்டாலும் சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு... இந்த மாதிரிப் பாட்டு எனக்கே தெரியாது ஆன்ட்டி. எது சரி, எது தப்புன்னு நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன். எப்ப வரட்டும்?"

செப்டம்பர் 14, சனி

இரண்டாம் சனி. போகவில்லை. கொசுவலை துவைத்தேன்.

செப்டம்பர் 23, திங்கள்

இன்னாசி மடியில் ஒரு ஸ்பீக்கர், என் மடியில் இன்னொன்று, காலுக்கடியில் ப்ளேயர். ஆட்டோக்காரர், "எங்கம்மா கச்சேரி?" என்றார். காது ஆஸ்பத்திரியில் என்றதும் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

எழில் என் மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். லெட் செப்பலினைப் போட்டேன். இரைச்சலை அமுக்குவதை முதலில் நிறுத்தினாள். பாதி கிடார் திரும்பி வந்தது. விசிலை அமுக்குவதைக் குறைத்தாள். நடுக்கம் போனது, ஆனால் மெஷினே 'கூ'வென்று ஊளையிட்டது. ஏற்றினாள், இறக்கினாள், நான் கையைக் காட்டிக்கொண்டே இருந்தேன். நடுவில் பெரிய டாக்டர் கதவைத் திறந்து, "என்ன சத்தம் இது?" என்றார். "பேஷன்ட்டுக்கு ஃபிட்டிங் சார்" என்றாள் எழில், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். கெட்டிக்காரி. வெளியே காத்திருந்த ஒரு தாத்தா எட்டிப் பார்த்து, "இதே மாதிரி எனக்கு நாதஸ்வரத்துக்கு வச்சுத் தருவியா பாப்பா? அதுவும் எனக்குத் தண்ணிக்குள்ளதான் கேக்குது" என்றார். தருவதாகச் சொன்னாள்.

கடைசியில் ஒரு இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினேன். கிடார் ஏறியது. உச்சிக்குப் போனது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. யாரும் அமுக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்னாசி என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"தட்டுச் சத்தம்?" என்று எழில் கேட்டாள்.

கவனித்தேன். எங்கேயோ மூலையில் யாரோ ரவை சலிக்கிற மாதிரி லேசாக இருக்கிறது. அவ்வளவுதான்.

"அந்த மேல் பக்கத்துக்கு உள்ள நரம்பே வேலை செய்யல ஆன்ட்டி. எவ்வளவு கூட்டினாலும் வராது. பொய் சொல்ல மாட்டேன்." அப்புறம் விரலை நீட்டினாள். "இனிமே சத்தத்தைக் கூட்டி வச்சுக் கேட்டா மிச்சம் இருக்கறதும் போயிரும். வீட்ல வால்யூம் அங்கிள் கையில."

இன்னாசிக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. காலையிலிருந்து கேட்கிறேன். நான் இத்தனை வருஷம் ட்ரம்மரின் கையைத்தான் கேட்டிருக்கிறேன். கை போய்விட்டது, அதனால்தான் எல்லாரும் எனக்கு வாட்ஸ் ஆனார்கள். சரி, கால் இருக்கிறதே. பெரிய ட்ரம்மை மிதிக்கிற கால் எனக்கு மண்டைக்குள் கேட்கிறது. லெட் செப்பலின் பான்ஹாம் கால் ஒரு மாதிரி, கீத் மூன் கால் ஒரு மாதிரி. மூன் உருட்டிக்கொண்டு ஓடுவதும் கேட்கிறது. ஆனால் நிதானமாக அடிக்கிற ஆட்கள் எல்லாரும் ஒரே ஆளாகக் கேட்கிறார்கள்.

மத்தியானம் வரைக்கும் முயன்றுவிட்டு, ஒன்றும் பிடிபடாமல், மெஷினைக் கழற்றிக் கட்டிலில் வீசினேன். அழுகை வந்தது. நன்றாகவே அழுதேன். அப்புறம் மீன் குழம்பு வைத்தேன். சாப்பிட்டுவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்றும் கூட்டத்துக்குப் போகவில்லை. இன்று காலை பாய் வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் பிரியாணி டிபனோடு. உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை. இன்னாசிதான் சொன்னார்.

"பிரியாணியும் பிச்சையா பாய்?"

"அப்படிப் பேசாதீங்கம்மா." அவர் உட்காரவே இல்லை. "அன்னைக்கு ஜூன்ல நீங்க பெய்ஸைப் போய் வாட்ஸுன்னீங்க பாருங்க, எனக்கு அப்பவே புரிஞ்சிருச்சு. இத்தனை வருஷமா என் கடைக்கு வர்றவங்கள்ல, நான் ஒரு பாட்டு போட்டா கேட்டுட்டு என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆளு நீங்க. தோத்துட்டா வராம நின்னுருவீங்களோன்னு பயம். அதான் வாட்ஸைப் போட்டேன்."

"நீங்க போட்டதாலதான் நின்னேன்."

"தெரியுது."

"என்னைத் தோக்கக்கூட விடல நீங்க. முட்டாள்னு நெனச்சுக்கிட்டு, கரெக்ட்டும்மா கரெக்ட்டும்மான்னு..." பாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வயசான மனுஷன், மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உட்காருங்க என்றேன். பிரியாணியை மூன்று பேரும் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

தண்டபாணி போன். டிசம்பரில் ஆண்டுக் கூட்டமாம். எனக்குப் 'பெருமைமிகு ரசிகை' என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். "இனிமே நீங்க போட்டியில கஷ்டப்பட வேணாம் மேடம். நீங்கதான் நிரந்தர நடுவர். பாய் போடுவார், நாங்க சொல்லுவோம், நீங்க மார்க் போடுவீங்க. பதில் முன்னாடியே உங்க கையில கொடுத்திருவோம்."

பதிலைக் கையில் கொடுத்து ஓரமாக உட்கார வைப்பதற்குப் பேர் மரியாதை. இந்த ஊரில் ஒருத்தரை ஒழித்துக்கட்ட வேண்டுமென்றால் முதலில் பொன்னாடை வாங்குவார்கள்.

"ரொம்ப சந்தோஷம் சார், கண்டிப்பா வர்றேன்" என்றேன். இன்னாசி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரைக் கொல்லப் போற?" என்றார்.

டிசம்பர் 15, ஞாயிறு

நேற்று பாய் கடை மாடியில் பேனர் கட்டியிருந்தார்கள். என் போட்டோ, கீழே பட்டம். ரோஜாப்பூ மாலை வேறு. இன்னாசியும் வந்திருந்தார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு.

தண்டபாணி மைக் இல்லாமலே பேசினார். நான் டீப் பர்ப்பிள் கேட்டு வந்த கதை, என் ஞாபக சக்தி, என் தமிழ்ப் பண்பாடு எல்லாம் வந்தது. எனக்கே இறந்துபோன யாரையோ பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது. கடைசியில் "இனி போட்டியாளர் அல்ல, நமது நிரந்தர நடுவர்!" என்று முடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். ஜரிகை போட்ட சிவப்புப் பொன்னாடையை விரித்துக்கொண்டு என் தோளுக்கு வந்தார்.

தோளில் விழுவதற்குள் கையால் பிடித்துவிட்டேன்.

"சார், இதை ரிட்டயர் ஆகுறவங்களுக்குத்தான் போர்த்துவாங்க. கம்பெனியில எனக்கு ஒரு தடவை போர்த்தியாச்சு, அது போதும்." பொன்னாடையை அவர் தோளிலேயே போட்டேன். ஜரிகை நன்றாகத்தான் பொருந்தியது. "நடுவர் வேலை உங்களுக்கு. நான் விளையாட வந்திருக்கேன்."

"மேடம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"என் காதுல பாதி போயிருச்சு சார். வெளிப்படையாவே சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க. ஹை-ஹாட் எனக்கு இனிமே கேக்காது. வராது. டாக்டர் சொல்லிட்டாங்க. மிச்சம் இருக்குற காதை வச்சுக்கிட்டு நான் இதைக் கேப்பேன், தப்பாவாவது கேப்பேன். பாவம்னு யாராவது சொன்னீங்கன்னா இந்த மாலையைக் கழட்டி அடிப்பேன்."

இன்னாசிதான் முதலில் சிரித்தார். நான் பாய் பக்கம் திரும்பினேன். "பாய், போடுங்க. வாட்ஸைப் போட்டீங்கன்னா நம்ம சிநேகிதம் இன்னையோட முடிஞ்சது."

பாய் ப்ளேயர் பக்கம் குனிந்தார். மெஷினில் பாட்டு செட்டிங்குக்கு மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் துண்டில் கால் மட்டும் திம்திம் என்று போனது, அதில் ஒரு சொடுக்கு. "பான்ஹாம்" என்றேன். சரி! கைதட்டல் வந்தது. எனக்கு அந்தக் கைதட்டல் பிடிக்கவில்லை, குழந்தை நடந்தால் தட்டுகிற மாதிரி இருந்தது. இரண்டாவது பிடிபடவில்லை, தெரியாது என்றேன். மூன்றாவதையும் விட்டேன். அறையில் அந்தப் பழைய மௌனம் வர ஆரம்பித்தது. எல்லாரும் தரையைப் பார்க்கிற மௌனம்.

அடுத்த துண்டு நிதானமாக வந்தது. கனமான கால். கையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அந்த இழுவை, அந்த இருட்டு. "பிளாக் சபாத். பில் வார்டு" என்றேன், மேசையைத் தட்டி.

பாய் வாய் 'கரெக்ட்டும்மா'வின் 'க'வுக்குத் திறந்ததை நான் பார்த்தேன். தண்டபாணி பொன்னாடையோடு எழுந்து, "கிட்டத்தட்ட சரின்னு எடுத்துக்கலாமே, நடுவர்ங்கிற முறையில..." என்று ஆரம்பித்தார்.

"பாய்" என்றேன். "என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தார். அவர் தாடி அசைந்தது. அப்புறம் மனுஷன் எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, தொண்டை கிழியக் கத்தினார்.

"தப்பும்மா! படு தப்பு! பிங்க் ஃப்ளாய்டு! நிக் மேசன்! ஃப்ளாய்டைப் போய் சபாத்துங்குறீங்களே, வெக்கமா இல்ல?"

"ஃப்ளாய்டு எந்தக் காலத்துல இப்படி மிதிச்சாங்க? துண்டைத் தப்பா வெட்டி வச்சிருக்கீங்க!"

"துண்டு சரி, உங்க பதில்தான் கழிசடை!"

சிரித்துக்கொண்டே சண்டை போட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். தண்டபாணியும் சேர்ந்துகொண்டு என் பதிலைக் கிழித்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருத்தர் பேச்சும் எனக்கு முழுசாகப் புரியவில்லை, நானும் விடாமல் கத்தினேன். கீழே டீக்கடைக்காரர் படியேறி வந்து என்ன தகராறு என்று பார்த்துவிட்டுப் போனார்.

கடைசி இடம் எனக்குத்தான். யாரும் கைதட்டவில்லை.